‘ஆவணம்’ என்ற ஒரே சொல்லில் அடங்காத ஆங்கிலச் சொற்கள்

கேள்வி இதுதான்: டாக்குமென்ட், ரெக்கார்ட், டீட், சர்டிஃபிகேட், ரெஜிஸ்டர், ஃபைல், ஆர்க்கைவ் என்று அலுவல் தாள்களைக் குறிக்க ஆங்கிலத்தில் இத்தனை சொற்கள் இருக்க, அகராதியைப் புரட்டினால் பெரும்பாலும் ‘ஆவணம்’ என்ற பொருளே திரும்பத் திரும்பக் கிடைக்கிறது, இவற்றுக்குள் உண்மையில் வேறுபாடு உண்டா, உண்டென்றால் அதை எப்படி மனத்தில் நிறுத்துவது, ‘டாக்குமென்டேஷன்ஸ்’ என்று பன்மையில் எழுதலாமா?

வேறுபாடு உண்டு, அதுவும் பணத்தையும் உரிமையையும் பாதிக்கும் அளவுக்கு உண்டு. அதை மனத்தில் நிறுத்த எனக்குத் தெரிந்த சிறந்த வழி, இச்சொற்களின் பழைய பொருளைப் பார்ப்பது. தாளில் என்ன எழுதியிருந்தது என்பதைவிட, அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தவர் அதை என்ன செய்தார் என்பதையே இவற்றுள் பல சொல்கின்றன: சுருட்டினார், மடித்தார், நூலில் கோத்தார், முத்திரையைத் தொங்கவிட்டார், பல்பல்லாக வெட்டினார், சத்தியம் செய்தார். அந்தக் கைவேலை தெரிந்துவிட்டால் இன்றைய பொருள் வேறுபாட்டில் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும்.

டாக்குமென்ட், ரெக்கார்ட் என்னும் இரண்டிலிருந்து தொடங்குகிறேன். குழப்பத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. டாக்குமென்ட் என்பதன் வேர், கற்பித்தல் என்னும் பொருளுடைய ‘டோக்கேரே’ என்ற இலத்தீன் வினை. டாக்டர் என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததே. ஆங்கிலத்துக்குள் வந்த தொடக்கத்தில் இதற்குப் பாடம், அறிவுரை என்ற பொருளும் இருந்தது. பிற்காலத்தில்தான் ஒரு செய்தியை மெய்ப்பிக்கும் எழுத்து என்ற பொருள் நிலைத்தது. ரெக்கார்ட் என்பதன் உள்ளே இருப்பதோ நெஞ்சைக் குறிக்கும் ‘கோர்’ என்ற இலத்தீன் சொல். மறுபடியும் நெஞ்சுக்குக் கொண்டுவருதல், அதாவது நினைவுகூர்தல் என்பதே அதன் முதற்பொருள். இடைக்கால இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் ரெக்கார்ட் என்பது முதலில் எழுத்தாகவே இருக்கவில்லை. இன்ன நாளில் மன்றத்தில் இன்னது நடந்தது என்று உரியவர்கள் நினைவிலிருந்து வாயால் சொல்லும் சான்றுக்கே அப்பெயர். நினைவைச் சட்டம் எவ்வளவு கண்டிப்பாக நடத்தியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1275ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், முதலாம் ரிச்சர்ட் அரியணை ஏறிய 1189ஐ எல்லையாக வைத்தது, அதற்கு முற்பட்டதெல்லாம் சட்டத்தின் கண்ணில் நினைவுக்கெட்டாத காலம். ‘டைம் இம்மெமோரியல்’ என்று இன்று பேச்சுவாக்கில் சொல்லப்படும் தொடருக்கு அங்கே குறிப்பிட்ட ஒரு தேதியே இருந்தது.

இந்தப் பழைய வேறுபாடு இன்றைய அலுவலகம்வரை தொடர்கிறது. வெற்றுப் படிவம் ஒன்று டாக்குமென்ட். அதை ஒருவர் நிரப்பிக் கையெழுத்திட்டு, அது பெற்றுக்கொள்ளப்பட்டுப் பாதுகாக்கப்படும்போது அது ரெக்கார்ட். வரைவை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம், திருத்தத்தான் அது இருக்கிறது. ரெக்கார்டைத் திருத்தினால் அதற்குப் பெயர் மோசடி. நடந்த ஒன்றுக்குச் சான்றாக வைத்திருக்கப்படும் தகவலே ரெக்கார்ட் என்னும் கருத்தின்மீதுதான் ஐஎஸ்ஓ 15489 என்ற பன்னாட்டுத் தரநிலையும் 2001ஆம் ஆண்டு முதல் நிற்கிறது. (தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 மட்டும் தன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டு சொற்களையும் ஒதுக்கிவிட்டு, ‘டாக்குமென்டட் இன்ஃபர்மேஷன்’ என்ற ஒரே தொடரை வைத்துக்கொண்டது. கற்றுத் தெளிந்த வேறுபாட்டை இப்படிக் கலைத்துப்போட்டது எனக்கு உவப்பானதாக இல்லை.) ரெக்கார்டுக்கு எழுத்து வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது, ஒலியும் படமும்கூட ரெக்கார்ட் ஆகும். உச்சரிப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் முதல் அசையில், வினையாக வரும்போது இரண்டாம் அசையில்.

இனிக் கைவேலைச் சொற்கள். தோலில் எழுதிய காலத்தில் தாள்களை ஒன்றோடொன்று தைத்துச் சுருட்டி வைத்தார்கள். அந்தச் சுருள்தான் ‘ரோல்’. ஊதியப் பட்டியல் இன்றும் பே ரோல், பெயர் கூப்பிடுவது ரோல் கால், சேர்த்துக்கொள்வது என்ரோல். இங்கிலாந்தின் மூத்த நீதிபதிகளுள் ஒருவரது பதவிப்பெயர் இன்றும் ‘மாஸ்டர் ஆஃப் த ரோல்ஸ்’. இதே குடும்பத்தில் பிறந்த ஒரு சொல்லை நாம் அடையாளம் காண்பதே இல்லை: கன்ட்ரோல். ஒரு கணக்குச் சுருளைச் சரிபார்ப்பதற்காக வேறொருவர் தனியாக எழுதி வைத்த எதிர்ச்சுருளே கன்ட்ரோல். சரிபார்க்கும் அதிகாரமே பிறகு கட்டுப்பாடு என்ற பொருளாக விரிந்தது. அந்த அதிகாரியைக் குறிக்கும் சொல்லில், எண்ணுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லோடு தொடர்பிருப்பதாகத் தவறாக எண்ணி ‘எம்பி’ என்னும் எழுத்துகளை நுழைத்தார்கள். எழுத்தில் காம்ப்ட்ரோலர் என்று நின்றாலும், மரபான உச்சரிப்பு கன்ட்ரோலர்தான்.

ஃபைல் என்பது நூலைக் குறிக்கும் ‘ஃபீலும்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வந்த தாள்களை வந்த வரிசையிலேயே நூலிலோ கம்பியிலோ குத்திக் கோத்து வைத்தார்கள். ஆகவேதான் ஆங்கிலத்தில் ‘ஆன் ஃபைல்’ என்கிறார்கள், நூலின்மேல் இருப்பதாக. தமிழில் இதற்குக் கோப்பு என்று பெயர் வைத்தவர் யாராயினும் வேரைத் தொட்டுவிட்டார், கோப்பதால் கோப்பு. அரத்தைக் குறிக்கும் ஃபைல் வேறு சொல், இதற்கும் அதற்கும் உறவில்லை. டாசியே என்பதோ பிரெஞ்சு மொழியில் முதுகைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, முதுகுப்புறத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டிய கட்டு. அதனால் ஃபைல் என்பது எந்தப் பொருளைப் பற்றியும் இருக்கலாம். டாசியே என்றால் பெரும்பாலும் ஒரு நபரையோ ஒரு விவகாரத்தையோ பற்றித் திரட்டிய முழுக்கட்டு.

வெட்டிய தாள்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போலியைத் தடுக்கும் அறிவு முழுவதும் அங்கே இருக்கிறது. இரண்டு தரப்பினர் ஓர் உடன்பாடு செய்தால், ஒரே தோலில் அதை இரண்டு முறை எழுதி, இடையில் ஒரு சொல்லையும் பெரிய எழுத்தில் எழுதி, அந்தச் சொல்லின் ஊடாகவே வளைவாகவோ பல்பல்லாகவோ வெட்டி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். பின்னாளில் வழக்கு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பற்கள் பொருந்தாவிட்டால் ஒன்று போலி. பல்லைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து அதற்கு இன்டென்ச்சர் என்று பெயர் வந்தது. தொழில் பழகுவோரின் ஒப்பந்தத்துக்கும் அப்பெயர் வழங்கியது. நில உடைமை குறித்த இறுதி உடன்பாடுகளில் 1195 முதல் ஒரே தோலில் மூன்று படிகள் எழுதும் முறை வந்தது; இரண்டு படிகள் இரு தரப்பினருக்கும் போக, அடியில் இருந்த மூன்றாவது, அதாவது பாதம், அரசின் கருவூலத்தில் தங்கியது. யாரிடமும் சேராத ஒருவர் கையில் ஒரு படி இருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான வடிவம் எனக்குத் தெரியவில்லை. ஒருவர் மட்டுமே செய்யும் உறுதிக்கு எதிர்ப்படி தேவையில்லை. ஆகவே அதன் ஓரத்தைப் பல்லின்றி நேராக வெட்டினார்கள், அதுவே டீட் போல். இதில் வரும் போல் என்பதற்கும் வாக்கெடுப்புக்கும் தொடர்பில்லை. ஒட்ட நறுக்கியது என்றே இங்கே பொருள். பிரிட்டனில் பெயர் மாற்றிக்கொள்பவர்கள் இன்றும் டீட் போல்தான் எழுதுகிறார்கள்.

எழுதத் தெரியாதவர்களுக்கும் இதே அறிவு மரத்தில் இருந்தது. கடன் தொகையைக் கீறல்களாகக் குச்சியில் வெட்டி, குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொண்டார்கள். அதற்கு டாலி என்று பெயர், நீண்ட பாதி ஸ்டாக், குறுகிய பாதி ஃபாயில். கணக்கு ஒத்துப்போவதை டாலி ஆகிறது என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல்தான் இது. இங்கிலாந்தின் கருவூலத்தில் குவிந்து கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் உலைகளில் போட்டு எரித்தபோது தீ மிகுந்து, கட்டடத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. கவுன்டர்ஃபாயில் என்ற சொல்லில் ஃபாயில் தாளாகத் தொடர்கிறது. தமிழில் அதற்கு அடிக்கட்டை என்கிறோம், ஆங்கிலத்தில் அதன் மறுபெயரான ஸ்டப் என்பதும் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையே. செக் என்பதும் முதலில் சரிபார்ப்பதற்கான அடிக்கட்டையையே குறித்தது.

சட்டத்தில் வழுக்கி விழச்செய்யும் சொல் டீட். இது இலத்தீனோ பிரெஞ்சோ அன்று, பழைய ஆங்கிலச் சொல். செயல் என்று பொருள். இந்தப் பொருளை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டால் போதும். மற்றத் தாள்கள் நடந்ததைச் சொல்கின்றன. டீட் எழுதிக் கொடுப்பதே ஒரு செயல், அந்தத் தாள் கைமாறும்போதுதான் உரிமையும் கைமாறுகிறது. முன்பு இதற்கு முத்திரை இன்றியமையாததாக இருந்தது. இங்கிலாந்தில் தனிமனிதர்களுக்கு அந்தத் தேவையை 1989ஆம் ஆண்டின் சட்டம் நீக்கிவிட்டு, டீட் என்பது தெளிவாகத் தெரியும்படி எழுதப்பட வேண்டும், சாட்சியின் முன்னிலையில் கையெழுத்து இடப்பட வேண்டும், கையளிக்கப்பட வேண்டும் என்று வைத்தது. சாதாரண ஒப்பந்தத்தில் இரு பக்கமும் ஏதேனும் ஒரு மதிப்பு மாறியாக வேண்டும். டீடுக்கு அது தேவையில்லை. அங்கே சாதாரண ஒப்பந்தத்தை மீறினால் வழக்குத் தொடரும் காலவரம்பு 6 ஆண்டுகள், டீடை மீறினால் 12 ஆண்டுகள். ஆகவே எல்லாவற்றையும் ஆவணம் என்று மொழிபெயர்ப்பவர் இந்த 6 ஆண்டு வேறுபாட்டையும் சேர்த்தே அழித்துவிடுகிறார். பத்திரம் என்று எழுதினாலாவது ஓரளவு நெருங்கும்.

முத்திரை என்றதும் பில் நினைவுக்கு வருகிறது. நீர்க்குமிழியைக் குறித்த ‘புல்லா’ என்ற இலத்தீன் சொல், குமிழி வடிவான ஈய முத்திரையையும், பிறகு முத்திரையிட்ட தாளையும் குறித்தது. போப்பாண்டவரின் ஆணைக்கு இன்றும் புல் என்றே பெயர். நாடாளுமன்றத்தின் மசோதாவும் கடைக்காரரின் பட்டியலும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது இப்படித்தான். இன்வாய்ஸ் என்பது அனுப்பியவை என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்ததால், சரக்குடன் போகும் விவரப் பட்டியலுக்கு அது பொருத்தமான பெயர். பேட்டன்ட் என்றால் திறந்தது: யாரும் படிக்கலாம் என்று மடித்து ஒட்டாமல், அடியில் முத்திரையைத் தொங்கவிட்ட அரச மடல். புதுக்கருவிக்கான காப்புரிமையும் அப்படி ஊரறிய வழங்கப்பட்டதால்தான் அப்பெயர் பெற்றது. டிப்ளமா இரண்டாக மடித்தது. புரோட்டோகால் பப்பிரசுச் சுருளின் முகப்பில் ஒட்டிய முதல் தாள். ஷெட்யூல் ஒரு சிறு நறுக்கு, அதனால்தான் சட்டத்தின் முடிவில் இணைக்கப்படும் அட்டவணைக்கு இன்றும் அந்தப் பெயர்.

இன்னொரு வகை, முழு வாக்கியமோ வினையோ பெயராக உறைந்துபோனவை. அஃபிடவிட் என்பது இலத்தீனில் பெயர்ச்சொல்லே அன்று. ‘அவர் சத்தியம் செய்து உரைத்தார்’ என்னும் முற்றுவினை. ஆகவே சத்தியம் செய்யாமல் கையெழுத்து மட்டும் இட்ட அறிக்கையை அஃபிடவிட் என்று அழைப்பது, அச்சொல்லுக்குள் இருக்கும் வினையைப் பொய்யாக்குவதாகும். அதற்கு டெக்லரேஷன், ஸ்டேட்மென்ட் என்று வேறு பெயர்கள் இருக்கின்றன. மெமோரான்டம் என்றால் நினைவில் வைக்கப்பட வேண்டியது, அஜெண்டா என்றால் செய்யப்பட வேண்டியவை, கேவியட் என்றால் அவர் எச்சரிக்கையாக இருக்கட்டும். ஐட்டம் என்பது ‘அவ்வாறே’ என்னும் வினையடை. உயில்களிலும் பொருட்பட்டியல்களிலும் ஒவ்வொரு வரியும் அச்சொல்லோடு தொடங்கியதால், நாளடைவில் அந்த வரியே ஐட்டம் ஆகிவிட்டது. இத்தனை இலத்தீன் ஏன் தங்கியது என்றால், இங்கிலாந்தின் நீதிமன்றப் பதிவுகள் 1733 வரை பெரும்பாலும் இலத்தீனிலேயே எழுதப்பட்டன. ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று கட்டளையிட்ட சட்டம் அந்த ஆண்டு மார்ச்சில்தான் நடப்புக்கு வந்தது.

சர்டிஃபிகேட், லைசென்ஸ், வாரன்ட் மூன்றையும் சுருக்கமாகவே பிரித்துவிடலாம். உறுதி என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்த சர்டிஃபிகேட், ஏற்கெனவே உண்மையாக இருப்பதை உறுதிசெய்கிறது: பிறந்தார், தேறினார், இறந்தார். லைசென்ஸ், அதில்லாமல் செய்யக்கூடாத ஒன்றைச் செய்ய இசைவு தருகிறது. வாரன்ட் அதற்கும் மேலே போய், செய்பவரைப் பிற்பாடு காக்கும் அதிகாரத்தைத் தருகிறது; பிரெஞ்சு மொழியின் இரண்டு வட்டார வழக்குகள் வழியாக ஒரே சொல் ஆங்கிலத்துக்குள் இருமுறை நுழைந்து, ஒன்று வாரன்ட் ஆகவும் மற்றொன்று கியாரன்டி ஆகவும் நிற்கிறது. லைசென்ஸ் என்பதைப் பிரிட்டிஷ் எழுத்துமுறையில் பெயராக வரும்போது ‘சி’ என்னும் எழுத்தாலும், வினையாக வரும்போது ‘எஸ்’ என்னும் எழுத்தாலும் எழுத வேண்டும். அமெரிக்கர்களுக்கு இரண்டுக்கும் ‘எஸ்’தான்.

படிகளைக் குறிக்கும் சொற்களில் தவறு செய்தால் விண்ணப்பமே திரும்பி வந்துவிடும். டூப்ளிகேட் என்பது அசலைப்போலவே செல்லுபடியாகும் இரண்டாவது படியாகவும் இருக்கலாம், வெறும் நகலாகவும் இருக்கலாம். எதைக் கேட்கிறார்கள் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். கவுன்டர்பார்ட் என்பது நகலே அன்று, ஒரே உடன்பாட்டின் இன்னொரு அசல். குத்தகையில் உரிமையாளர் கையெழுத்திட்டதை ஒருவரும் குத்தகைதாரர் கையெழுத்திட்டதை மற்றவரும் வைத்துக்கொள்வது போன்றது. சர்டிஃபைட் காப்பி என்றால், இந்த நகல் அசலோடு ஒத்திருக்கிறது என்று உரிய ஒருவர் எழுதிக் கையெழுத்திட்டது. அட்டெஸ்ட் செய்வது என்பதன் முதற்பொருள், இன்னொருவர் கையெழுத்திடுவதைக் கண்ணால் கண்டு சாட்சிக் கையெழுத்திடுவது. சில நாடுகளில் நகலைச் சான்றளிப்பதற்கும் அதே சொல் வழங்குவதால், சூழலைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள முடியும்.

சொல்லைத் தெரிந்துகொண்டாலும் அதற்குரிய வினை தெரியாவிட்டால் எழுதும் ஆங்கிலம் ஒட்டாமல் நிற்கும். டீடை எக்ஸிகியூட் செய்கிறார்கள். அச்சமூட்டும் சொல்லாகத் தோன்றினாலும், நாம் பத்திரம் எழுதிக்கொடுத்தல் என்பதே அது. அஃபிடவிட்டை ஸ்வேர் செய்வார்கள், நோட்டீசை சர்வ் செய்வார்கள், சர்டிஃபிகேட்டை இஷ்யூ செய்வார்கள், லைசென்சையும் பேட்டன்ட்டையும் கிராண்ட் செய்வார்கள், ரெஜிஸ்டரைக் கீப் செய்து அதில் என்ட்ரி மேக் செய்வார்கள். கூட்ட நடவடிக்கையை டேக் செய்வார்கள், அதுவும் மினிட்ஸ் என்று பன்மையில் மட்டும். நேரத்தின் நிமிடத்தோடு ஒரே மூலத்தைப் பகிர்ந்தாலும், இது சிறிய எழுத்தில் விரைந்து எடுத்த குறிப்பைச் சுட்டிய தொடரின் வழியாக வந்ததாகக் கொள்வர். அதற்கு எதிர்முனையில் இருப்பது என்கிராஸ் என்னும் வினை, இறுதி வாசகத்தைப் பெரிய எழுத்தில் திருத்தமாக எழுதுவது. ரிசீட் என்ற சொல்லில் ‘பி’ எழுதப்படும், ஒலிக்காது. இலத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காகப் பிற்காலத்தில் செருகிய எழுத்து அது.

ஆர்க்கைவ் என்பது, ஆட்சியாளரின் மாளிகையைக் குறித்த கிரேக்கச் சொல். அன்றாடப் பயன்பாடு முடிந்தபின் நிலையாகக் காக்கத் தகுந்தவை என்று தெரிந்தெடுக்கப்பட்ட ரெக்கார்டுகளே அங்கே போகும். எல்லா ரெக்கார்டும் ஆர்க்கைவ் ஆவதில்லை. இங்கிலாந்தில் 1838இல் பப்ளிக் ரெக்கார்ட் ஆபீஸ் என்று தொடங்கிய நிறுவனம் 2003இல் நேஷனல் ஆர்க்கைவ்ஸ் என்று பெயர் மாறியது. இடத்தையோ தொகுப்பையோ குறிக்கும்போது பன்மை வடிவம் ஒருமைப் பொருளிலும் வருவது இயல்பு.

கடைசியாக, ‘டாக்குமென்டேஷன்ஸ்’ என்று எழுதலாமா என்ற கேள்வி. எழுதக்கூடாது. டாக்குமென்ட் எண்ணத்தக்க பெயர். டாக்குமென்டேஷன் திரளைக் குறிப்பது, எண்ணிச் சொல்ல முடியாதது. பேப்பர்வொர்க், எவிடன்ஸ் ஆகியவையும் அப்படியே. கடிதப் போக்குவரத்து என்ற பொருளில் வரும் கரஸ்பான்டென்சும் பன்மை ஏற்காது. பேப்பர் என்பது பொருளாக இருக்கும்போது எண்ணிக்கை இல்லாதது, பேப்பர்ஸ் என்றால் ஒருவரின் அடையாளத் தாள்கள் அல்லது சேகரித்த எழுத்துகள். மூன்று தாள்களை இணைத்திருக்கிறீர்கள் என்றால் ‘த்ரீ டாக்குமென்ட்ஸ்’ என்று எழுதுங்கள். எத்தனை என்று சொல்லத் தேவையில்லாத இடத்தில் ‘த ரிலவன்ட் டாக்குமென்டேஷன்’ என்று ஒருமையில் எழுதினால் போதும்.